எரேமியா 29:11, சீக்கிரம் விடுதலை என்ற வாக்கு அல்ல

சிலர், வேதாகமத்தில் எரேமியா 29:11 (உங்களுக்காக நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம்) பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களுக்குச் சீக்கிரமே ஊர் திரும்புவீர்கள் என்று சொன்ன வாக்கு என எழுதுகிறார்கள். அது சரியல்ல. நான் மிகவும் நேசிக்கிற பகுதி என்பதால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. கி.மு. 597-இல் யூதாவின் ராஜா எகொனியாவோடு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம் அது, அதில் அவர் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றுதான் சொல்கிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறவர்களிடம் யாரும் தோட்டம் போடச் சொல்ல மாட்டார்கள், இல்லையா? 11-க்கு முந்தைய வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் பாபிலோனிலேயே இறந்துபோகும் அளவுக்கு நீண்ட காலம் அது.

சீக்கிரம் என்று சொன்ன ஆளும் உண்டு, அனனியா என்ற தீர்க்கதரிசி. இரண்டே வருஷம் என்றான், பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை எடுத்து எல்லோர் முன்பும் உடைத்தும் காட்டினான். அவனைத்தான் எரேமியா பொய்யை நம்பப் பண்ணுகிறவன் என்றார்.

சரிபார்க்க வேதாகமம் ஒன்று போதும், எந்த மொழிபெயர்ப்பானாலும் பரவாயில்லை. எரேமியா 28-ஆம் அதிகாரத்தை முழுதாகப் படித்துவிட்டு, அப்புறம் 29-இல் 1 முதல் 14 வரை நிறுத்தாமல் வாசியுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.