பதாகையில் விட்டுப்போன சொல்

எங்கள் அப்பாயி 97 வயதில் காலமானபோது, பொறையாறு கடைத்தெருவில் பேரப்பிள்ளைகள் நாங்கள் வைத்த பதாகையில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் அன்புத் தாயார், தியாகச் சுடர்" என்று அச்சிட்டு, அதன் கீழே மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று 23 பெயர்களைப் போட்டிருந்தோம். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்த வேலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தாத்தாவின் தம்பி இறந்தபோது "ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்" என்பதைப் பெயருக்கு முன்னால் போட மறக்காதவர்களும் நாங்கள்தான். அந்த விடுபடல் என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

செவிலியர் வேலைக்குப் பெண்ணை அனுப்புவது குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல் என்று பலரும் எண்ணிய காலத்தில், எங்கள் பக்கத்து லுத்தரன் குடும்பங்களிலிருந்து துணிந்து போன சில பெண்களில் அப்பாயியும் ஒருவர். மதராஸ் பெரியாஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, 1943-இல் ராணுவச் செவிலியர் பணியில் சேர்ந்தார். அந்த ஆண்டில்தான் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அப்பணியில் இருந்த பெண்களுக்கு அதிகாரி நிலை வழங்கப்பட்டது. ஆக, காவிரிக் கடைமடையில் பிறந்த ஒரு பெண் 22 வயதில் லெப்டினென்ட் ஆகி, இம்பாலும் கோஹிமாவும் ஜப்பானியப் படைகளின் முற்றுகையில் இருந்த 1944-இல் திமாப்பூர்ப் பக்கத்து ராணுவ மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்தார்.

போர் என்றவுடன் நமக்குக் குண்டடி பட்டவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அப்பாயி எப்போதும் காய்ச்சலைப் பற்றித்தான் பேசுவார். 1943-இல் காயம்பட்டுப் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர் என்று பர்மா முனையில் போரிட்ட பிரிட்டிஷ் 14-ஆம் படையின் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியாவுக்காவது தோலை மஞ்சளாக்கும் மெபாக்ரின் மாத்திரை இருந்தது. புதர்களில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலுக்கு (ஸ்க்ரப் டைபஸ்) அன்று மருந்தே கிடையாது. குளோரம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அதைக் குணப்படுத்தும் என்று கோலாலம்பூரில் கண்டறிந்தது 1948-இல்தான். அதுவரை, நோயாளி பிழைப்பதற்கு இருந்த வழியெல்லாம் பக்கத்தில் நிற்கும் செவிலியரின் கைதான்: ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பது, நினைவு தப்பியவருக்குக் கரண்டி கரண்டியாக நீர் புகட்டுவது, காய்ந்த வாயைத் துடைத்துவிடுவது, எழுந்து ஓடப் பார்ப்பவரைப் பேசிப் படுக்கவைப்பது. இரண்டாவது வாரத்தைத் தாண்டிவிட்டால் தேறிவிடுவான் என்பார். தாண்டாதவர்களைப் பற்றி அவர் பேசியதில்லை.

என் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு வாரம் காய்ச்சல் இறங்கவில்லை. நகரத்து மருத்துவமனை ஒன்றில் டைபாய்டு என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது 90-ஐ நெருங்கியிருந்த அப்பாயி பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, காதுக்குப் பின்னால், அக்குளில், அரைஞாண் கயிற்றுக்கு அடியில் என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். இடுப்பில் கயிறு மறைத்திருந்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு சின்னக் கறுத்த பொருக்கு இருந்தது. "வலிக்குதாய்யா?" என்று கேட்டார். அவன் இல்லை என்றான். "வலிக்காது, அதான் அது. டாக்டர்கிட்ட இதைக் காட்டு" என்றார். அது உண்ணி கடித்த தடம், உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். அதற்கான டாக்சிசைக்ளின் மருந்தைக் கொடுத்து இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது.

அன்று வீட்டுக்கு வந்த எல்லோரும் "தாய் மனசு, அதான் கண்டுபிடிச்சிருச்சு" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள், ஆனால் அது தவறு என்று எனக்கு அன்றே பட்டது. தாய் மனசு எங்களுக்கும் இருந்தது, நாங்கள் அழுதுகொண்டுதான் இருந்தோம். அங்கே தேடியது பயின்ற விரல். 67 ஆண்டுகளுக்கு முன் கூடாரத்தில் கற்றதை மறக்காத விரல். அதைத் தாய்மையின் கணக்கில் எழுதும்போது, அந்தப் பெண் கற்றுத் தேர்ந்த வித்தையை நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

இந்த மறதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், 1943-இல் சிங்கப்பூரில் அமைந்த பெண்களின் ஜான்சி ராணிப் படையையும், அதை நடத்திய மருத்துவர் லட்சுமியையும், மலாயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழ்ப் பெண்களையும் நாம் பெருமையோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். அதே போரின் மறுபக்கத்தில் வேலை பார்த்த பெண்களை அதே நெஞ்சில் வைக்க நமக்குத் தெரியவில்லை. பள்ளியில் படிக்கும்போது "வெள்ளைக்காரனுக்குத்தானே வேலை பாத்தீங்க?" என்று நானே அவரிடம் கேட்டிருக்கிறேன். "படுத்துக் கிடந்தவன் மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்துப் பையன், லால்குடிக்காரன். அவனுக்குத்தான் பாத்தேன்" என்றார். அவருக்குக் கிடைத்த பர்மா ஸ்டார் பதக்கம் நாடா இல்லாமல் பீரோ சாவிக்கொத்தில் கிடந்தது. நாங்கள் அதை வெறும் நட்சத்திரம் என்றே நினைத்து வளர்ந்தோம்.

தாத்தா சீக்கிரம் போய்விட்டார். அப்பாயி நான்கு பிள்ளைகளை அரசு மருத்துவமனைச் சம்பளத்தில் வளர்த்தார், இரவுப் பணி நாட்களில் அவர்களை அண்டைவீட்டுத் திண்ணையில் படுக்கவிட்டுப் போனார், விடிந்து வந்து கஞ்சி காய்ச்சினார். பாசத்தைக் கொஞ்சிக் காட்டியவர் அல்லர். நகம் வெட்டிவிடுவதிலும் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுவதிலும் காட்டினார்.

கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அம்மா நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் "2 மணி வலது, 4 மணி இடது" என்று எழுதி ஒட்டி வைத்திருந்தார். குளிப்பாட்டிக் கடைசியாகப் புடவை உடுத்தியபோது அவர் முதுகில் ஒரு புண்கூட இல்லை.

கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. பெயருக்கு அடுத்த வரியில் "ராணுவச் செவிலியர்" என்றும், அதற்குக் கீழே பிள்ளைகளின் பெயர்களும் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அப்பா சரி என்றுவிட்டார். சித்தப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.