வியாழக்கிழமை இரவு எட்டரை மணி

ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது வானொலியில் காமெடி போடுவது மனசாட்சி இல்லாத வேலை என்று போன வாரம் ஒரு நண்பர் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், சில மாதங்களாக இரவில் நான் கேட்டுவரும் 'இட்மா' ஒலிப்பதிவுகள். இரண்டாம் உலகப் போர்க்கால பிபிசி நிகழ்ச்சி அது.

டாமி ஹேண்ட்லி நடித்த அந்த நிகழ்ச்சி 1939 ஜூலையில் தொடங்கியது. 'இட்ஸ் தட் மேன் அகெய்ன்', அதாவது 'மறுபடியும் அந்த ஆள்தான்' என்பது பெயரின் விரிவு. ஹிட்லர் ஏதாவது செய்யும்போதெல்லாம் பத்திரிகைகள் போட்ட தலைப்பைத்தான் ஹேண்ட்லிக்குச் சூட்டினார்கள். செப்டம்பரில் போர் வந்ததும் தொலைக்காட்சி நின்றது, தியேட்டர்களையும் சில வாரம் மூடினார்கள். தெருவிளக்கு கிடையாது, சன்னலெல்லாம் கறுப்புத் துணி. அந்த இருட்டில் வீட்டுக்குத் துணையாக இருந்தது வானொலிதான்.

அந்த நிகழ்ச்சி போரை மறக்கச் சொல்லவே இல்லை. இதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. போர் தொடங்கிய மாதங்களில் ஹேண்ட்லிக்குக் கொடுத்த வேடம், 'எரிச்சல் மற்றும் மர்மங்கள் அமைச்சகத்தின்' அமைச்சர்! புதுப்புது உத்தரவு, படிவம், தடை என்று சனங்கள் திண்டாடிய நேரம். எதிரியைக் கேலி செய்ய யாராலும் முடியும். சொந்த அரசாங்கத்தையே, அதுவும் தணிக்கை இருந்த காலத்தில், நாடு முழுக்கக் கேட்கிற வானொலியில் கேலி செய்ய விட்டார்களே, அதற்குப் பெரிய தன்னம்பிக்கை வேண்டும்.

அப்புறம் ஃபுன்ஃப். போனில் மட்டும் வந்து மிரட்டும் ஜெர்மானிய உளவாளி. நடிகர் ஜாக் டிரெய்ன் ஒரு கண்ணாடி டம்ளருக்குள் பேசி அந்தக் குரலைக் கொண்டுவந்தார். யாரைப் பார்த்தாலும் உளவாளியோ என்று பயந்த நாட்டில், ஆட்கள் போனை எடுத்து 'ஃபுன்ஃப் பேசுகிறேன்' என்று ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்தார்கள். அந்தப் பயம் முழுதாகப் போயிருக்காதுதான். ஆனால் அதற்கு ஒரு கோமாளிக் குரல் கிடைத்துவிட்டது.

சிரிக்க வைத்தவர்களும் பாதுகாப்பாக இல்லை. லண்டனிலிருந்து பிபிசியின் கேளிக்கைப் பிரிவு பிரிஸ்டலுக்குப் போனது. அங்கேயும் குண்டு விழுந்தது. 1941இல் வேல்ஸிலுள்ள பேங்கருக்குப் போனார்கள். பிற்பாடு வியாழன் இரவு எட்டரை என்றால் 'இட்மா' என்று நாடே காத்திருந்தது. 1942இல் இளவரசி எலிசபெத்தின் பதினாறாவது பிறந்தநாளுக்கு விண்ட்சர் அரண்மனைக்கே போய் நடத்திக்கொடுத்தார்கள்.

நம் ஊரிலும் இழவு வீட்டில் நள்ளிரவு தாண்டினால், போனவரின் குறும்புகளைச் சொல்லி யாராவது சிரிப்பார்கள். அழுதுகொண்டிருந்த அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

உண்மையில், அந்த நகைச்சுவையில் பாதி எனக்குப் புரியவில்லை. அவ்வளவு வேகம், அன்றைய செய்தி தெரிந்தால்தான் பிடிபடும். நான் திரும்பத் திரும்பக் கேட்பது எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பை. அதில் யாருடைய மகன் எந்தக் கப்பலில் இருந்தானோ.