டாக்டரம்மா வீட்டு வாசல்

என் கணவர் அரசியல்வாதி, நான் மருத்துவர். பெருந்துறைக்கு அருகே ஒரு சிற்றூரில் எங்கள் வீடும் என் கிளினிக்கும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. கட்டும்போது வசதியாகத்தான் தோன்றியது.

காலையில் இருபது பேர் காத்திருந்தால் பன்னிரண்டு பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்குப் பட்டா மாறுதல். கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றும்போதே, "தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அம்மிணி" என்பார்கள். தம்பி என்பது என் கணவர். அவருடைய அறையைக் கைகாட்டிவிடுவேன்.

2021 சட்டமன்றத் தேர்தலில் அவர் நின்றார். வேட்பு மனுவோடு வைக்கும் படிவம் 26-இல் மனைவியின் நகை, கடன், வங்கி இருப்பு எல்லாம் எழுத வேண்டும். வருமானம் வந்த வழியையும் சொல்ல வேண்டும் என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எக்ஸ்ரே மெஷினுக்கு நான் வாங்கிய கடன் ஊருக்கே தெரிந்துபோனது. சர்க்கரைக்கு மருந்து வாங்க வந்த ஆத்தா ஒருவர், "இவ்வளவு கடனை வைத்துக்கொண்டு எனக்கு எதற்குக் கண்ணு ஃபீஸைக் குறைக்கிறாய்?" என்று ஐம்பது ரூபாய் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். கணக்குக் கேட்பது நியாயம்தான். ஓட்டுக் கேட்பவர் வீட்டுப் பெட்டி திறந்தே கிடக்கட்டும். (அவர் தோற்றார். கடன் இன்னும் இருக்கிறது.)

என் ஆற்றாமை வேறு. நோயாளிகள் என்னிடம் மறைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

2023-இல் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் விஷயத்தில் ஊர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. 2,07,000 ஏக்கர் பாசனம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும் என்றது ஒரு பக்கம். கசிவுநீர் நின்றால் கிணறு வற்றிவிடும் என்றது மறுபக்கம். என் கணவர் மேடையேறிப் பேசினார். எந்தப் பக்கம் என்பது இங்கே வேண்டாம். எதிர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர், பத்து வருடமாக என்னிடம் வைத்தியம் பார்ப்பவர், இரவு பத்து மணிக்கு நெஞ்சுவலி வந்தும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் என்னிடம் வரவில்லை. "அந்த வாசலை மிதிப்பதா" என்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துவிட்டார். விடிந்த பிறகுதான் ஈரோட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மாரடைப்பில் ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கும் நேரக் கெடு உண்டு. ஆள் பிழைத்தார், இதயம் பழையபடி இல்லை. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

கணவரை அரசியலை விடச் சொல் என்கிறார்கள் தோழிகள். எதற்கு? வாய்க்காலைப் பற்றிப் பேச ஆள் வேண்டாமா? புருஷன் பெண்டாட்டிக்குள் ரகசியம் ஏது என்று ஊர் நினைக்கிறதே, அதுதான் தவறு. ஒருமுறை என் கணவர், கட்சிக்காரர் ஒருவருக்கு உடம்புக்கு என்ன என்று என்னிடம் கேட்டார். "அவரையே கேளுங்கள்" என்றேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை.

இப்போது பின் தெருப் பக்கம் கிளினிக்குக்குத் தனி வாசல் வைத்திருக்கிறோம். போன வாரம் பெரியவர் அந்த வழியாக வந்தார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்னார். கிளம்ப எழுந்தவர் கதவருகே நின்று, "தம்பி ஊரில் இல்லைங்களா அம்மிணி?" என்றார்.

சென்னைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது என்றார்.