அணை கட்டினால் மட்டும் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராது

“இன்னொரு பெரிய அணை கட்டினால் இலங்கையின் கிழக்கில் கடைசி வயல் வரை தண்ணீர் வரும், சிக்கனம் எல்லாம் வெறும் பேச்சு” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அம்பாறையில் நடந்தது வேறு. 1949-இல் வேலை தொடங்கிய கல்லோயா ஆற்றுப் பாசனத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரம் நாட்டிலேயே மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்று. அது இருந்தும் இடதுகரையில் வாய்க்கால் நுனி வயல்கள் காய்ந்துதான் கிடந்தன. 1981 சிறுபோகத்துக்கு (மழை குறைந்த காலத்து நெல் போகம்) அந்த நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ கால்வாசித் தண்ணீர்தான். அப்போது யாரும் புது அணை கட்டவில்லை. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, மண் மூடிய வயல் வாய்க்கால்களைத் தாங்களே வெட்டித் துப்புரவாக்கி, முறை வைத்துப் பாய்ச்சினார்கள். வாய்க்காலின் மேல்பகுதியில் பெரும்பாலும் சிங்களவர், நுனியில் தமிழரும் இருந்தார்கள். மேலே உள்ளவர்கள் மிச்சம்பிடித்துக் கீழே விட்டார்கள். இதை வெறும் பேச்சு என்று தள்ளுவது அந்த மக்களுக்குச் செய்கிற அநியாயம்.

சரி, அணையே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. மார்கழி மழையைத் தேக்காமல் சிறுபோகம் ஏது? தேக்கியதை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள் என்கிறேன்.

அப்புறம், “கடலுக்குப் போவதெல்லாம் வீண்” என்று நீங்கள் சொல்வதும் பிழை. ஆற்று நீர் குறைந்தால் கடலோடு இணைந்த மட்டக்களப்பு வாவியில் உப்பு ஏறும், இறாலையும் மீனையும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்குத்தான் அடி விழும்.