அந்தச் சுவரில் இருந்தது இன்றைய சேலம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் வரைந்த சுவர் ஓவியத்தை அழித்த விஷயத்தை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகச் சும்மா இருந்தேன். நேற்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டேன். இனி முடியாது.

எங்கள் குழுவின் பதினோரு பிள்ளைகள் நான்கு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று வரைந்த சுவர் அது. இப்போது அதன்மேல் ஒரு அருவி, இரண்டு மான், ஒரு ராஜா. எந்த ஊர் அருவி என்று கேட்டேன். இணையத்தில் கிடைத்த படமாம். அழித்ததைவிட, அழித்தவர்கள் அதற்குச் சொன்ன காரணம்தான் ஆறவில்லை: “பாரம்பரியம் வரையச் சொன்னால் தெருவில் நடப்பதை வரைந்திருக்கிறீர்களே.”

ஆமாம், தெருவில் நடப்பதைத்தான் வரைந்தோம். வெள்ளிக் கம்பி இழுக்கும் அண்ணன், வாசல்படியில் உட்கார்ந்து கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைக்கும் அக்கா, மெருகு போடும் பட்டறை, சலங்கை கோக்கும் பாட்டி. இன்றைக்கு இருப்பதை இன்றைக்கே வரைய வேண்டும். போன பிறகு எதைப் பார்த்து வரைவது?

தருமபுரி 1965 வரை நம் சேலம் மாவட்டம்தான். அந்தப் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனைக் கையில் ஆயுதத்தோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். செதுக்கியவர்களுக்கு அது பாரம்பரியமா? நேற்றுவரை கூட இருந்தவன் அவன். அப்போதே செதுக்கியதால்தான் 1,000 வருஷம் தாண்டியும் அவன் எப்படிக் கொண்டை முடிந்தான், எதைப் பிடித்துச் சண்டை போட்டான் என்று நமக்குத் தெரிகிறது.

“போட்டோ எடுத்தால் போதாதா” என்று கேட்பீர்கள். எடுங்கள், நானும் எடுத்தேன். பழைய பஸ் ஸ்டாண்டை இடிப்பதற்கு முன் சுற்றிச் சுற்றி எடுத்தேன். அந்த போன் கெட்டதோடு எல்லாம் போயிற்று. 2023ல் திறந்த ஈரடுக்கு நிலையத்தில் நின்றுகொண்டு, பூக்கடை எந்த மூலையில் இருந்தது என்று என் மகளுக்குக் காட்டத் தெரியவில்லை. அதுகூடப் பெரிதில்லை. போட்டோ எடுக்க ஒரு நொடி போதும், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வரைய உட்கார்ந்தால் கேட்டே ஆக வேண்டும். எங்கள் குழுவில் ஒன்பதாவது படிக்கும் பெண், “ஏன்க்கா வாசல்லயே உட்கார்றீங்க, ஃபேன்கூட இல்லையே” என்று கேட்டாள். சின்னக் கண்ணிக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், ஃபேன் போட்டால் தீ அலையும் என்று அந்த அக்கா சொன்னார். அதனால்தான் படத்தில் கதவு திறந்திருந்தது, மின்விசிறி நின்றிருந்தது. அந்தத் தெருவிலேயே பிறந்த எனக்கு அதுவரை இது தெரியாது.

“வரைந்தால் மெஷின் கொலுசு நின்றுவிடுமா” என்று ஒருவர் கேட்டிருந்தார். கைவேலையை மெஷின் தள்ளிவிடுவது நிற்காது. நிற்கும் என்று நான் எப்போது சொன்னேன்? சுவர் எங்கள் சொத்து இல்லை என்பதும் தெரியும். அனுமதி வாங்கித்தான் வரைந்தோம்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறதே, அந்த சினிமா ஸ்டுடியோ 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கியது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம். இன்று அந்த வளைவின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம். உள்ளே செட் போட்ட தச்சரும் திரைச்சீலை வரைந்தவரும் எப்படி வேலை செய்தார்கள் என்று அன்றைக்கே தினம் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருந்தால்?

என் அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துத் தட்டிக் கோடு போட்டு, எனாமலில் எழுத்து எழுதுவார். அவர் எழுதும் ‘ழ’வின் வால் தனியாகத் தெரியும். இந்த ஊரில் எத்தனையோ கடைகளுக்கு எழுதினார். ஃபிளக்ஸ் வந்தது, ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு போர்டைக்கூட நான் படி எடுக்கவில்லை. தினமும் பார்ப்பதுதானே என்று இருந்துவிட்டேன். அதனால்தான் அந்த வார்த்தை எனக்கு இப்படிச் சுடுகிறது. தெருவில் நடப்பதாம்.

அவர் எழுதியதில் எனக்குத் தெரிந்து மிச்சம் ஒன்றே ஒன்று, ஒரு பாத்திரக்கடை ஷட்டர். தீபாவளிக்கு முன்னால் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். கடைக்கார அண்ணன் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். டிரேசிங் பேப்பர் வாங்கிவிட்டேன். அந்தப் பதினோரு பேரும் வருகிறார்கள்.