ஆக்ஸல் ரோஸ் சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கொண்டால் என்ன?

2025 மே 17 அன்று மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரி. முடிந்து கூட்டம் ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் கிளிப்புகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. எல்லாம் அரை நிமிடத்துக்குள். எல்லாவற்றிலும் குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் உச்சத்துக்குப் போய்க் குரல் மெலியும் இடம் மட்டும்தான். கீழே சிரிக்கும் பொம்மைகள். "குரல் போச்சு, இனிமே எதுக்கு மேடை?" என்று எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில்கூட ஒருவர் கேட்டார். அவர் ரேஸ்கோர்ஸ் பக்கமே வரவில்லை.

குரல் போனது உண்மைதான். மனிதர் 1962-இல் பிறந்தவர், அன்றைக்கு 63 வயது. 1987-இல் வந்த முதல் ஆல்பத்தில் மேலே போகப் போக முள் மாதிரி ஏறும் ஒரு கரகரப்பு இருக்கும். இப்போது அந்த இடத்தில் கள்ளத் தொண்டைக்கு, அதாவது கனமில்லாத மெல்லிய பொய்க்குரலுக்கு, போய்விடுகிறார். கீழ் ஸ்தாயியில் கனம் அப்படியே இருக்கிறது, நடு ஸ்தாயியும் மோசமில்லை. சிக்கல் மேலே மட்டும்தான்.

இதைப் பார்த்து நாம், அதுவும் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் தமிழர்கள், இவ்வளவு அதிர்ச்சி அடைவதுதான் எனக்குப் புரியவில்லை. 1952-இல் ஷண்முகானந்தா சங்கீத சபாவை ஆரம்பித்த ஊர்க்காரர்கள் நாம். கர்நாடக சங்கீத வித்வான் செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறை ஒட்டிய வயதிலும் மேடையேறினார். அவர் குரல் எந்தக் காலத்திலும் தேன் குரல் இல்லை. ரசிகர்கள் அவரிடம் போனது ராகத்தின் பிடிக்கும் சங்கதிக்கும். வயதான வித்வான் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொண்டால் சபாவில் யாரும் புருவம் தூக்குவதில்லை. எட்டாத மேல் ஷட்ஜத்தைப் பின்பாட்டு பாடும் சிஷ்யர் பிடித்துக்கொள்வார், வயலின் தாங்கிக்கொள்ளும், கச்சேரி நடக்கும். இங்கேயும் அதேதான் நடந்தது. குழுவின் பேஸ் கிடார்காரர் டஃப் மக்கேகனும் கீபோர்டுகாரர் மெலிசா ரீஸும் பாடியது பின்பாட்டு இல்லாமல் வேறென்ன?

ராக் ரசிகனுக்கு இந்தப் பொறுமை கிடையாது. அவனுக்கு ரெக்கார்டுதான் வேதம். இருபத்தைந்து வயதில், ஸ்டூடியோவில், பல டேக் எடுத்துப் பாடியதை அறுபத்து மூன்று வயதில், திறந்த மைதானத்தில், மே மாதப் புழுக்கத்தில் அப்படியே கேட்க வேண்டும் என்கிறான்.

மைதானம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரோ கூரையோ இல்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால் டிரம்ஸ் குச்சி விழுவதைத் திரையில் முதலில் பார்ப்போம், சத்தம் கால் விநாடி கழித்து வரும். அதனால்தான் நடுவில் தனி ஸ்பீக்கர் கோபுரங்களை நிறுத்தி, மேடைச் சத்தம் வந்து சேரும் நேரத்துக்குப் பொருந்தும்படி அவற்றின் ஒலியைத் தாமதப்படுத்துகிறார்கள். பக்கத்திலுள்ள ஹாஜி அலி கடற்கரையிலிருந்து காற்று அடித்தால் உயர்ந்த சுருதிகள்தான் முதலில் சிதறும், பேஸ் என்கிற கனத்த கீழ் ஒலி எங்கும் போகாது. போன் மைக்கோ பேஸைச் சரியாக வாங்காமல் மெலிந்த குரலைத் தனியாகத் தூக்கிக் காட்டும். கிளிப்பில் கேட்டதும் நாங்கள் மைதானத்தில் கேட்டதும் ஒன்றல்ல. இனி இப்படி ஒரு கச்சேரிக்குப் போகிறவர்கள், முன்னால் முட்டி மோதாமல் சவுண்ட் மிக்ஸிங் கூடாரத்துக்குப் பின்னால் நில்லுங்கள். மிக்ஸ் செய்கிறவர் தன் காதுக்குத்தானே சரி செய்வார்.

தண்ணீர் பாட்டில் விலை, கழிப்பறை வரிசை பற்றியெல்லாம் எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும். விட்டுவிடுகிறேன்.

வயது கெடுத்ததை மட்டுமே பேசுகிறோமே, கொடுத்ததையும் பார்க்க வேண்டாமா? 2012 டிசம்பரில் இதே பெயரில் ஒரு குழு மும்பை வந்தது. அதில் பழைய கிடார்காரர் ஸ்லாஷ் இல்லை. ஆக்ஸலோடு ஒத்துப்போகாமல் 1996-இல் பிரிந்தவர் 2016-இல்தான் திரும்பினார். அந்தச் சண்டை ஆற ஆளுக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் ஆக்ஸல் மணிக்கணக்கில் தாமதமாக மேடையேறுவதற்குப் பேர்போனவர். இப்போதெல்லாம் பெரும்பாலும் நேரத்துக்கு வந்துவிடுகிறார். நம் ஊரில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல் வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது, தனி அனுமதி இருந்தால் ஒழிய. பழைய ஆக்ஸல் வந்திருந்தால் நாங்கள் சவுண்ட் செக் மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

"நவம்பர் ரெயின்" பாட்டில் ஆக்ஸல் பியானோவில் இருக்க, ஸ்லாஷ் தனி வாசிப்பை எடுத்தார். கூட வந்திருந்த அக்கா மகன், "மாமா, இவர் கைக்கு மட்டும் ஏன் வயசாகல?" என்றான். தொண்டை தசை, கிடார் கம்பி. கம்பி தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றேன்.

ஆக்ஸல் மேலும் எனக்குக் குறை உண்டு. ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜானுக்கு 1987-இல் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு பழைய பாட்டுகளைச் சுருதி இறக்கிப் பாடினார், யாரும் அவரை விட்டுப் போகவில்லை. டீப் பர்பிள் ராக் குழுவின் பாடகர் இயன் கில்லன், "சைல்ட் இன் டைம்" பாட்டின் அலறல் இனி எட்டாது என்று தெரிந்ததும் அந்தப் பாட்டையே பல வருடங்களாகத் தொடுவதில்லை. இறக்கு, இல்லையென்றால் விடு. ஆக்ஸல் இரண்டும் செய்யாமல் அதே உயரத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் முட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பிடிவாதத்தில் பாதிக்குமேல், இறக்கினால் நாம் கிளிப் போட்டுச் சிரிப்போமே என்ற பயம்தான் என்பது என் சந்தேகம்.

மாட்டுங்கா நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எல்லாம் சரி சார், டிக்கெட் விலையை அரைக் கட்டை இறக்கினாங்களா?" என்றார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. சபாவில் இதைவிடக் குறைந்த காசுக்குத்தான் நாம் பொறுமையாக இருக்கிறோம்.

அக்கா மகன் வேறு விதமாக மடக்கினான். "'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' பாட்டோட கிடார் ஆரம்பத்த இறக்கினா அது அந்தப் பாட்டே இல்ல மாமா." அட, முதல் ஆல்பத்திலேயே கிடார்களை அரைக் கட்டை இறக்கித்தான் ட்யூன் செய்தார்கள். இன்னும் ஒரு கட்டை இறங்குவதற்கு வேறு ட்யூனிங்கில் கிடார்கள் ஓரமாகத் தயாராக இருந்தால் போதும், கீபோர்டுக்கு ஒரு பட்டன். இன்னொன்றும் உண்டு. ரேஸ்கோர்ஸில் என்னைச் சுற்றி நின்ற நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் ஒருவருக்கும் அந்த உச்சம் எட்டவில்லை. வாயைத் திறந்து காற்றைத்தான் விட்டோம். அவர் ஒரு கட்டை இறங்கினால் எங்களுக்கும் பாட வரும்.