நான்சி யாருக்காகக் கஞ்சா விற்றாள்?

'வீட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கஞ்சா விற்கும் அதன் நாயகி நான்சிக்காக "பாவம், புருஷன் போயிட்டான், ரெண்டு பையன்களை வச்சுக்கிட்டு அவ என்னதான் பண்ணுவா?" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பரிதாபம் கொஞ்சமும் ஒட்டவில்லை.

2005 முதல் 2012 வரை ஷோடைம் சேனலில் எட்டு சீசன் ஓடிய தொடர். ஜென்ஜி கோஹன் உருவாக்கியது. இடம், கலிபோர்னியாவில் அக்ரெஸ்டிக் என்ற கற்பனைப் புறநகர். நான்சியின் கணவர் ஜூடா, சின்ன மகன் ஷேனோடு ஓட்டப்பயிற்சியில் இருக்கும்போது மாரடைப்பில் சாகிறார். அதற்குப் பிறகுதான் வியாபாரம்.

முதல் எபிசோடில் அவளை நாம் சந்திப்பதே பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில். பிள்ளைகள் சர்க்கரை கலந்த சோடா குடிக்கக்கூடாது என்று வாதாடிக்கொண்டிருப்பாள்! கைப்பையில் என்ன வியாபாரம் என்பது நமக்கு அப்புறம்தான் தெரியும். தொடரின் மொத்தக் கிண்டலும் இந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது.

சரி, பணமில்லை. வீட்டை விற்றுவிட்டு இதைவிடச் சிறிய இடத்துக்குக் குடிபோயிருக்கலாமே? வீட்டு வேலைக்கு லுபிதா வேண்டும், பெரிய கார் வேண்டும், கையில் எப்போதும் அந்த ஐஸ் காபி வேண்டும். அவள் காப்பாற்றப் பார்த்தது பிள்ளைகளை அல்ல, அந்தத் தெருவில் தனக்கிருந்த இடத்தை. வாடிக்கையாளர்களும் அதே ஆட்கள்தானே: நகர மன்றத்தில் இருக்கும் கணக்காளர் டக் மாதிரியானவர்கள்.

எதிர்ப்பக்கம், நான்சிக்குச் சரக்கு கொடுக்கும் ஹீலியா. சமையலறை மேஜையில் மகளையும் வைத்துக்கொண்டு சரக்கைப் பொட்டலம் கட்டும் கறுப்பினப் பெண். அவளுக்கும் இது குடும்பத் தொழில்தான். ஆனால் தான் செய்வது என்னவென்று தெரிந்தே செய்கிறாள், நான்சி மாதிரி நடிப்பதில்லை. அதனாலேயே ஹீலியா வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மூன்றாவது சீசன் முடிவில் ஊரே காட்டுத்தீயில் எரிகிறது, நான்சி தன் வீட்டைத் தானே கொளுத்துகிறாள். அங்கேயே முடித்திருக்க வேண்டும். மெக்சிகோ எல்லைக்குப் போனதும் வெறும் போதைக் கடத்தல் கதையாகிவிட்டது. புறநகர் இல்லாமல் அந்த நையாண்டிக்கு வேலையில்லை.

ஆனாலும் ஐந்தாவது சீசனின் கடைசிக் காட்சிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் (பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்). உன் பையன்களைக் கொன்றுவிடுவேன் என்று மெக்சிகோவின் அரசியல் செல்வாக்குள்ள பெண் பிலார் மிரட்டுகிறாள். நான்சி செய்வதறியாமல் நிற்கிறாள். பின்னாலிருந்து வந்து குரோக்கே மட்டையால் பிலாரை அடித்துக் கொல்வது ஷேன். அன்று அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது அம்மா இல்லை.